கடைசி நாலு எண்

நான் பிரிண்டருக்கு மை நிரப்புகிறவன். என் சட்டையில் எங்கே பார்த்தாலும் கறுப்பு இருக்கும். துவைத்துப் போட்டால் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். நகரத்தில் பதினேழு சேவை மையங்களுக்கு மாதம் ஒருமுறை போகிறேன். அதில் பதினாறைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு வரியும் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் இருக்கும், அதன் பின்னால் ஓர் ஆள் இருப்பான், எதைக் கேட்டாலும் சர்வர் வேலை செய்யவில்லை என்பான். பதினேழாவது நம்பரக்காவுடையது.

குப்பை பிரிக்கும் கிடங்குக்குப் பின்னால் ஆறு தெரு இருக்கிறது. தெரு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டும். கிடங்கில் பிரிக்கிறவர்கள், சாக்கடை அள்ளுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், நாலு வீட்டில் பாத்திரம் கழுவுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆறு தெருவுக்கும் நடுவில் ஒரு பழைய பம்ப் அறை. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன பிறகு பல வருஷம் பூட்டிக் கிடந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனம் வந்து வெள்ளையடித்து, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், விரல் ரேகை வைக்கும் சின்னப் பெட்டி, ஒரு நீள பெஞ்சு எல்லாம் போட்டு, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனது. குழாய் வந்த ஓட்டையை மட்டும் யாரும் அடைக்கவில்லை. இன்றைக்கும் அதில் ஒரு துணியைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் துணியை மாற்ற வேண்டும்.

அந்த அறைக்கு ஆள் தேடியபோது, ஜெராக்ஸ் கடையில் ஏழு வருஷம் நின்ற அனுபவத்தோடு வந்தவள்தான் அக்கா. உண்மையில் என்னைவிட ஆறு வயது இளையவள். ஊரே அக்கா என்கிறது, நானும் அக்கா என்கிறேன். அவள் என்னை அண்ணே என்பாள். எங்கள் உறவு முறையை யாராவது கணக்குப் போட்டால் பைத்தியம் பிடிக்கும்.

நம்பரக்கா என்ற பெயர் வந்தது முதல் வாரத்திலேயே. மூட்டை தூக்கும் ஒரு கிழவர் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வந்தார். பெயர், வயது, முகவரி எல்லாம் சரி. போன் நம்பர் என்ற கட்டத்தில் வந்து வண்டி நின்றுவிட்டது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. கிழவரிடம் போன் கிடையாது. அந்த ஆறு தெருவில் பாதிப் பேரிடம் கிடையாது. வைத்திருந்தவர்களும் இலவசமாக சிம் கொடுக்கும்போதெல்லாம் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது நம்பர் வாங்குகிறவர்கள். அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு தன் நம்பரையே போட்டாள்.

ஒருவருக்குப் போட்டுவிட்டு அடுத்தவருக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று எல்லோருக்கும் போட்டாள். பத்து வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேருடைய அரசாங்க அட்டைக்கும் ஒரே போன் நம்பர், அக்காவுடையது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. உதவித்தொகை எடுக்க, சான்றிதழ் வாங்க, எதற்குமே அந்த போனுக்கு ஓடிபி வரும். ஆறு இலக்கம், மூன்று நிமிஷம்தான் ஆயுள். யாருடைய ஓடிபி என்று அதில் பெயர் இருக்காது. எதற்காக என்றும் இருக்காது. அட்டை எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும் இருக்கும். அதனால் அக்கா நானூறு பேருடைய கடைசி நாலு எண்ணையும் மனப்பாடம் செய்துவிட்டாள். ஜனங்களும் பழகிக்கொண்டார்கள். வாசலில் வந்து நின்று, "அக்கா, நான் எழுபத்தொண்ணு நாப்பத்தாறு" என்பார்கள். பெயரைச் சொன்னால்தான் யார் என்று கேட்க வேண்டியிருந்தது.

உதவித்தொகை கொடுக்கும் தபால் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. வீட்டில் ஒருவர் அங்கே வரிசையில் நிற்பார், இன்னொருவர் அக்காவின் வாசலில் நிற்பார். அங்கே கவுண்டரில் பட்டனை அழுத்தினால் இங்கே போன் கிணுங்கும். அக்கா வாசலில் நிற்பவரின் உள்ளங்கையில் பேனாவால் ஆறு இலக்கத்தை எழுதுவாள். அவர் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவார். மூடினால் வியர்வையில் அழிந்துவிடும். மாதத்தின் முதல் வாரத்தில் அந்தத் தெருவில் நின்றால், ஊரே யாரையோ அறையப் போகிற மாதிரி கையை விரித்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். எனக்குச் சிரிப்பாக இருக்கும். அக்கா ஒவ்வோர் எண்ணையும் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுவாள். பத்து வருஷத்தில் ஓர் இலக்கம்கூடத் தப்பியதில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டினார். பேச்சு குறைவு. மதியம் லாரியை ஓரம்கட்டிவிட்டு சாப்பாட்டுத் தூக்கோடு வருவார். பெஞ்சில் இடம் இருந்தால் உட்காருவார், இல்லையென்றால் வாசலில் நிற்பார். மையம் திறந்த அன்றைக்கு, எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அக்கா முதன்முதலில் பதிந்தது அவருடைய அட்டையைத்தான். அதன் பிறகு அந்த அட்டைக்கு ஒரு வேலையும் வரவில்லை. அவர் எதற்கும் விண்ணப்பம் போட்டதில்லை, வரிசையில் நின்றதில்லை. ஒரே மகள். கல்லூரியில் ஆய்வகப் படிப்பு. அப்பாவின் லாரி ஹாரன் எத்தனை தெரு தள்ளிக் கேட்டாலும் இது எங்கப்பா வண்டி என்று சொல்லிவிடும் பெண்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் பதியக் கடைசி நாள். விடிந்ததிலிருந்து வாசலில் கூட்டம். பிரிண்டர் காகிதத்தை மென்று துப்புகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். நான் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு உருளையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட நாட்களில் அக்கா ஒரு காரியம் செய்வாள். போனுக்கு அழைப்பே வராதபடி நிறுத்திவிடுவாள், மெசேஜ் மட்டும் வரும். நடுவில் யாராவது கூப்பிட்டால் திரையில் இருக்கும் ஓடிபி மறைந்துவிடும், தேடி எடுப்பதற்குள் மூன்று நிமிஷம் போய்விடும். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வேலை அப்படி.

பதினொன்றரை மணி இருக்கும்.

"முப்பத்திமூணு சைபர் அஞ்சு யாருது?" என்று அக்கா கேட்டாள்.

யாரும் கையை நீட்டவில்லை.

"முப்பத்திமூணு சைபர் அஞ்சு. யாருப்பா?"

வரிசையில் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். நான் மேசைக்கு அடியிலிருந்து, "எவனாவது நம்பரைக் கொடுத்துட்டு ஊர் மேயப் போயிருப்பான்க்கா, விடு" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா அந்த மெசேஜை அழித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பத்து நிமிஷத்தில் அதே எண் மறுபடியும் வந்தது. மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை வந்தபோது கேட்கக்கூட இல்லை, "எழவு இது வேற" என்று அழித்தாள்.

பன்னிரண்டே காலுக்கு லாரி கிளீனர் பைக்கில் வந்து சேர்ந்தான். நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து நெரிசலில் புகுந்து புறப்பட்டு வந்திருக்கிறான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீர் திறக்க ஏறினவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லாரி மேலிருந்து விழுந்துவிட்டார். கல்லூரி பக்கத்தில் இருந்ததால் மகள் ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறாள். காப்பீட்டுக்காக அப்பாவின் அட்டையைக் கொடுத்திருக்கிறாள். அங்கே பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். ஓடிபி வந்தால்தான் அனுமதி, இல்லையென்றால் பணத்தைக் கட்டு என்றிருக்கிறார்கள். மகள் அம்மாவுக்குப் பதினான்கு தடவை கூப்பிட்டிருக்கிறாள். அம்மாவின் போன் பதினான்கு தடவையும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

அக்கா எழுந்தாள். கையில் போன் இருந்தது. அடுத்து நின்றவரின் உள்ளங்கையில் பாதி எழுதியிருந்தாள், மீதி மூன்று இலக்கத்தையும் எழுதி முடித்துவிட்டுத்தான் பைக்கில் ஏறினாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்போது அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

அவர் பிழைக்கவில்லை. சிகிச்சையை ஒரு மணி நேரம் முன்னால் ஆரம்பித்திருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள், வேறு என்ன சொல்வது?

காரியம் எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மகள் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"ஊர்ல இருக்கிற நானூறு பேர் நம்பரும் தெரியும். அப்பா நம்பர் உனக்குத் தெரியாதா?"

அடுத்த வாரம் மகள் வேறு நகரத்துக்கு வேலைக்குப் போனாள். போன் நம்பரை மாற்றிக்கொண்டாள். புது நம்பரைக் கொடுக்கவில்லை.

காரியம் முடிந்த ஐந்தாம் நாள் அக்கா மையத்தைத் திறந்தாள். அழுது முகம் வீங்கியிருக்கும், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அப்படி ஒன்றும் இல்லை. "அண்ணே, கறுப்பு மட்டும் போதும், கலர் வேண்டாம்" என்றாள். ஓட்டையில் துணி மாற்றியிருந்தது. ஓடிபி வந்தது, இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னாள், எழுதினாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சிலர் கல்நெஞ்சக்காரி என்றார்கள். அவர்களும் மறுநாள் அவளிடம்தான் கையை நீட்டினார்கள். கால் மரத்துப்போனால் ஊன்றி நடக்கலாம், விழமாட்டோம், ஆனால் தரை தெரியாது. அக்கா மூன்று வருஷம் அப்படித்தான் நடந்தாள். மதியத்தில் ஒரு லாரி ஹாரன் கேட்டால் மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு வேலையைத் தொடருவாள்.

ஒரு வருஷம் போயிருக்கும். நான் மை நிரப்பிக்கொண்டிருந்தபோது போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"அண்ணே, இதைப் பாருங்க."

தொண்ணூற்றிரண்டு பதினெட்டு என்று முடியும் அட்டைக்கு ஓடிபி.

"யாருது?"

"என் பொண்ணுது."

"ஏதாவது விண்ணப்பம் போட்டிருக்கும்."

"போட்டா நம்பர் கேட்டுக் கூப்பிடணும்ல. கூப்பிடல."

"எவனாவது திருட்டுப்பய அட்டையை வச்சு நோண்டுறானோ என்னவோ."

"இல்லண்ணே. இது அவதான்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சில சமயம் மாதத்துக்கு ஒருமுறை, அந்த எண் வரும். அழைப்பு வராது. மூன்று நிமிஷம் கழித்து ஓடிபி செத்துவிடும். சின்னப் பிள்ளைகள் கதவைத் தட்டிவிட்டு ஓடுவார்களே, அது மாதிரி. உண்மையில் அந்தப் பெண் தன் அட்டை எண்ணைப் போட்டு என்ன நினைத்து அந்தப் பட்டனை அழுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. அம்மா அந்த போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அக்கா மற்ற எல்லா மெசேஜையும் அழிப்பாள். அவற்றை மட்டும் அழிக்கவில்லை.

இந்த வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு போன் நம்பர், ஒரு குடும்பம். ஒரே நம்பரில் பல குடும்பங்கள் இருந்தால் மோசடி என்று எடுத்துக்கொள்ளப்படும். முப்பது நாளுக்குள் அவரவர் சொந்த நம்பருக்கு மாற வேண்டும், இல்லையென்றால் அட்டை முடங்கும். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு எழுதியவனுக்கு என்ன, எழுதிவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காகிதத்தைக் கசக்கி எறிந்தேன். அக்கா அதை எடுத்து நீவி, சுவரில் ஒட்டினாள்.

"நல்லதுதான்ணே. அவங்கவங்களுக்கு அவங்கவங்க நம்பர் இருக்கணும்."

"உன் பொண்ணு?"

"அவளுக்கு வயசு இருபத்தஞ்சு முடிஞ்சிருச்சு. தனிக் குடும்பம்னு காட்டுது. அவளும் மாறணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பதாவது நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்தப் பெண் எத்தனை தடவை பட்டனை அழுத்தினாலும் அக்காவின் போன் கிணுங்காது. அவள் எங்கே இருக்கிறாள் என்று தேடிச் சொல்ல நம்பரும் கிடையாது. இருந்த ஒரே நூலும் அறுந்துவிடும். அக்காவுக்கு இது என்னைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது. தெரிந்துதான் காகிதத்தை ஒட்டினாள்.

அந்த ஒரு மாதம் அக்கா பேயாக உழைத்தாள். தொண்டு நிறுவனத்தை நச்சரித்து நூற்றைம்பது பழைய போன் வாங்கினாள். பட்டன் போன், சில பேட்டரி வீங்கியது. மீதிப் பேரை சிம் வாங்க வைத்தாள். வாங்கினால் போதுமா? மெசேஜைத் திறந்து படிக்கத் தெரிய வேண்டும். பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. "நீயே வச்சிக்கக்கா, எங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று சண்டைக்கு வந்தார்கள். அக்கா பெஞ்சில் பத்துப் பத்துப் பேராக உட்கார வைத்து, ஒன்றென்றால் கம்பு, சைபர் என்றால் முட்டை, ஏழு என்றால் அரிவாள் என்று சொல்லிக் கொடுத்தாள். கிடங்கில் பிளாஸ்டிக் பிரிக்கும் ஓர் அம்மா எட்டை, "ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு முட்டை" என்றாள். பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்து ரகம் பிரிக்கிற கண் அது. இரண்டே நாளில் எல்லோரையும் முந்திவிட்டாள். முதல் ஓடிபியைத் தானே படித்ததும், யாரும் கேட்காமலே தன் உள்ளங்கையில் தானே எழுதிக்கொண்டு தபால் அலுவலகத்துக்கு ஓடினாள். அவளிடம் போன் இருந்தது, எழுதவே தேவையில்லை. பழக்கம் விடுமா?

ஒவ்வொருவரை மாற்றும்போதும் அக்காவின் போனுக்குக் கடைசியாக ஓர் ஓடிபி வரும். அதைச் சொன்னால் அந்த எண் அவளைவிட்டுப் போய்விடும். நாளுக்குப் பதினைந்து, இருபது பேர் போனார்கள். போன் கிணுங்குவது நாளுக்கு நாள் குறைந்தது.

இருபத்திரண்டாம் நாளோ என்னவோ, மையத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மூன்று வருஷமாக என் தொண்டையில் கிடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அக்கா, அன்னிக்கு அந்த நம்பரைக் கேட்டப்ப, ஊர் மேயப் போயிருப்பான்னு சொன்னது நான்தான்."

"தெரியும்ணே. நீங்கதான் சொன்னீங்க."

"நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா..."

"ரெண்டு பேர் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அடுத்த ஆளு மாத்தணும். கறுப்பு தீர்ந்துருச்சா பாருங்க."

கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முப்பதாவது நாள் மதியத்துக்குள் நானூற்றுப் பதினொன்று ஆனது. மூன்று மணிக்கு மூட்டை தூக்கும் கிழவர், ஊர்க்காரர்களில் முதன்முதலில் அவள் தன் நம்பரைப் போட்டுக் கொடுத்த அதே ஆள், தன் போனை மேல்சட்டைப் பையில் போட்டுப் பின் குத்திக்கொண்டு வந்து, "வரேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னமோ ஊரைவிட்டே போகிற மாதிரி. பெஞ்சு காலியாக இருந்தது. நான் அன்றைக்கு அங்கே போக ஒரு காரணமும் இல்லை. பிரிண்டரைத் திறந்து, நல்லாயிருந்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டியலில் ஒரு வரி மிச்சம். தொண்ணூற்றிரண்டு பதினெட்டு.

நாலு மணி ஆனது. நாலரை ஆனது. அக்கா பெஞ்சுக்கு அடியில் கூட்டினாள். விரல் ரேகைப் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தாள். போனை மேசையின் நடுவில் வைத்திருந்தாள். அழைப்பு வரும்படி திறந்து வைத்திருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன். திறந்திருந்தது. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் அதை ஒரு தடவைகூட மூடியதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் பார்த்தேன்.

நாலு நாற்பத்தொன்றுக்குப் போன் கிணுங்கியது. தொண்ணூற்றிரண்டு பதினெட்டு. வழக்கமான மெசேஜ் இல்லை, நம்பர் மாற்றும்போது மட்டும் எதற்கு என்று போட்டு வரும். கைபேசி எண்ணை மாற்றுவதற்கான ஓடிபி.

"கூப்பிடுவா" என்றேன்.

ஒரு நிமிஷம் போனது. அந்தப் பெண் தானாக நம்பர் மாற்ற வேண்டுமென்றால் கேட்டே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. கேட்காவிட்டால் அட்டை முடங்கும், அது அவளுக்கும் தெரியும். இரண்டு நிமிஷம் ஆகப் போகும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். அக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். கை அவளுக்கு வேண்டியிருந்தது, ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"சொல்லு."

"நம்பர் வந்திருக்கும்."

"வந்திருக்கு." அக்கா திரையைப் பார்த்தாள். "நாலு நாலு, ஒண்ணு ஏழு, சைபர் ஆறு." ஊர்க்காரர்களுக்குச் சொல்வது போலவே, ஏற்ற இறக்கம் இல்லாமல் மறுபடியும் சொன்னாள். "நாலு நாலு, ஒண்ணு ஏழு, சைபர் ஆறு."

அந்தப் பக்கம் பட்டன் தட்டும் சத்தம்.

"சரி. ஆயிடுச்சு."

அதோடு போனை வைத்திருக்கலாம். இரண்டு பேருமே வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. எனக்கு வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன், ஒருமுறை பேசியது போதும்.

"முப்பத்திமூணு சைபர் அஞ்சு" என்றாள் அக்கா.

"என்னது?"

"அப்பாவோடது. இப்பத் தெரியும்."

இயந்திரச் சத்தம் நின்றது. மகள் சொன்னாள்.

"எனக்கும் தெரியாதும்மா. அன்னிக்கு ஆஸ்பத்திரில கேட்டாங்க. அட்டையைப் பாத்துத்தான் சொன்னேன்."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், வந்துவிட்டது. மை பட்ட கையால் துடைத்துக்கொண்டு, "அக்கா, அது அவ நம்பர். முதல்ல சேவ் பண்ணு" என்றேன்.

"வேண்டாம்ணே. பாத்துட்டேன், இருக்கு."

பத்து இலக்கத்தையும் சொல்ல ஆரம்பித்தாள். ஆறு வரைக்கும் வந்தது. ஏழாவதில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி ஏழாவதில் நின்றாள். பத்து வருஷத்தில் நான் பார்க்காதது அது. திரையைப் பார்த்தாள், ஆனால் எண் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, கண் நிறைந்து வழிந்தது. மூன்று வருஷத்துக்கான தண்ணீர்.

"அண்ணே, நீங்க படிங்க" என்று சொல்லிவிட்டு, மேசை மேல் கிடந்த பேனாவை என் பக்கம் தள்ளி, உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

நான் ஒவ்வோர் எண்ணையும் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லி எழுதினேன்.